அவுட்-ஆஃப்-ஸ்டேட் அரசுப் பல்கலைக்கழகம்: பில் கட்டுகிற ஒரு அப்பாவின் ரிவியூ

மிக்சி வாங்கினால் ரிவியூ எழுதுகிறோம், பிரியாணிக் கடைக்கு எழுதுகிறோம், நாலு வருடத்துக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல்கூடக் கேட்கிற, அமெரிக்காவில் வேறு மாநிலத்துக் கல்லூரி என்கிற ஒரு சரக்குக்கு மட்டும் யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. பிள்ளை சேர்ந்த இடத்தைப் பற்றிப் பேசினால் கண் பட்டுவிடும் என்கிற மாதிரி, "காங்கிராட்ஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாம்பார் வாளியை நகர்த்திவிடுகிறோம். அதனால் நான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சி, எடிசன் பக்கம். மூத்தவள் 2025 ஃபாலில், அதாவது ஆகஸ்ட் வாக்கில் தொடங்கும் செமஸ்டரில், கல்லூரியில் சேர்ந்தாள். இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்று பத்தாம் வகுப்பிலேயே முடிவு செய்துவிட்டாள். ஒன்பது இடங்களுக்கு அப்ளை செய்தாள், அதில் ஏழு வேறு மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகங்கள். பெயர் பெற்றவை, எல்லாருடைய வாயிலும் அடிபடுபவை. ஒரு வருடம் இந்தக் கல்லூரிகளின் கணக்கைப் போட்ட ஷீட்டை வைத்துக்கொண்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்திருந்ததில் தெரிந்துகொண்டதை அப்படியே கொட்டுகிறேன். வரிசையாக இருக்காது.

முதலில் சரக்கு என்ன என்று பார்ப்போம். ஒரே லேபிளில் இரண்டு சரக்கு விற்கிறார்கள். ஆன் ஆர்பரில் இருக்கும் மிச்சிகன் பல்கலையில், உள்ளூர்ப் பிள்ளைக்கு டியூஷன் வருடத்துக்கு 18,000 டாலர் சுமாருக்கு வரும், வெளிமாநிலத்துப் பிள்ளைக்கு 60,000-க்கு மேல். ஒரே வகுப்பு, ஒரே புரொஃபசர், ஒரே லேப், பக்கத்து நாற்காலி. இன்னொரு விஷயம், அங்கே மூன்றாம் வருடத்திலிருந்து டியூஷன் இன்னும் ஏறும், அப்பர் டிவிஷன் என்று தனி ரேட். முதல் வருட பில்லைப் பார்த்து நாலால் பெருக்கிக் கணக்குப் போட்டவர்கள் அங்கேதான் சறுக்குகிறார்கள், நானும் போட்டேன்.

நம் ஊரில் படித்தவர்களுக்கு இதில் பாதி புரியும், பாதி புரியாது. என்ஐடியில் பாதி சீட்டு அந்த மாநிலத்துக்கு என்று ஹோம் ஸ்டேட் கோட்டா உண்டு, அது நமக்குப் பழக்கம். ஆனால் உள்ளே போய்விட்டால் திருச்சிக்காரனுக்கும் பாட்னாக்காரனுக்கும் ஒரே டியூஷன். இங்கே சீட்டிலும் பாகுபாடு, ரேட்டிலும் பாகுபாடு. இந்த இரண்டும் சேர்ந்து வரும் என்பதை நாங்கள் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம். காசு கூடக் கொடுக்கிறோமே, அதனால் சீட்டு சுலபமாகக் கிடைக்கும் என்று என் மனைவி நம்பினாள், மேனேஜ்மென்ட் கோட்டா ஞாபகத்தில். கிடையாது. கூடக் கொடுத்துவிட்டு நீளமான வரிசையில் நிற்க வேண்டும்.

எவ்வளவு நீளம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சாப்பல் ஹில்லில் இருக்கும் வட கரோலினா பல்கலையில், முதல் வருட வகுப்பில் வெளிமாநிலத்தவர் 18 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 1986-லேயே வரம்பு வைத்துவிட்டார்கள். டெக்சாஸில் சட்டமே இருக்கிறது, ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலையில் 90 விழுக்காடு இடம் டெக்சாஸ்காரர்களுக்கு. மிச்சம் இருக்கும் பத்தில்தான் மற்ற 49 மாநிலமும் உலக நாடுகளும். அந்த 90-க்குள்ளும் பெரும்பகுதி, பள்ளியில் முன்னணி ராங்க் எடுத்தாலே தானாகக் கிடைக்கும் சீட்டு. 1997-ல் முதல் 10 விழுக்காடு என்று ஆரம்பித்த சட்டம், ஆஸ்டினுக்கு மட்டும் சுருங்கிச் சுருங்கி 6 ஆகி, 2026 சேர்க்கையிலிருந்து 5 ஆகிவிட்டது. டெக்சாஸ் பிள்ளைகளுக்கே அந்த நெருக்கடி என்றால் எடிசனிலிருந்து போகிற பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? வர்ஜீனியா பல்கலை பரவாயில்லை, மூன்றில் ஒரு பங்கு வெளியாட்கள். மிச்சிகனில் வரம்பே இல்லை, ஏறக்குறைய பாதிப் பேர் வெளியூர்தான், அதனால்தான் அந்த ரேட்.

ஜார்ஜியா டெக்கில் எனக்குப் பிடித்தது ஒன்று, அவர்கள் ஒளிப்பதில்லை. முன்கூட்டியே அப்ளை செய்கிற ஏர்லி ஆக்‌ஷனையே இரண்டாகப் பிரித்து, ஜார்ஜியா பிள்ளைகளுக்கு அக்டோபர் நடுவில் ஒரு தேதி, மற்றவர்களுக்கு நவம்பர் தொடக்கத்தில் வேறு தேதி. வாசலிலேயே இரண்டு கியூ போட்டுவிடுகிறார்கள். நேர்மைக்கு ஒரு ஸ்டார்.

சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் பாதிப் பேருக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் கனவு. பல்கலைக்கழகத்தின் மொத்த அட்மிஷன் சதவீதத்தைப் பார்த்து "ஈசிதானே" என்று நினைக்கக் கூடாது. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு நேரடியாக அப்ளை செய்யும் வெளிமாநிலத்துப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூடக் கிடைப்பதில்லை. ஹார்வர்ட், யேல் மாதிரியான ஐவி லீகைவிடக் கஷ்டம் என்றால் மாமியார் நம்பமாட்டார், ஆனால் அப்படித்தான். எந்த இடமானாலும் மொத்தக் கணக்கைப் பார்க்காதீர்கள், உங்கள் மேஜர், உங்கள் மாநிலம், இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள்.

சரி, கலிஃபோர்னியா. இதற்குத்தான் வீட்டில் அதிகச் சண்டை. மகளுக்கு யூ.சி., அதாவது பல கேம்பஸ்கள் கொண்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மேல் ஒரு மோகம், வெயில், கடல், அப்புறம் ஏதோ வீடியோக்கள். அவர்களுக்குத் தனி அப்ளிகேஷன், எட்டுக் கேள்விகளில் நாலுக்கு 350 வார்த்தைக்குள் பதில், எஸ்ஏடி என்கிற நுழைவுத் தேர்வு மார்க்கைப் பார்க்கவே மாட்டார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு "அப்பா, கார்டு குடு" என்று வந்து நின்றாள். ஐந்து கேம்பஸை டிக் செய்து வைத்திருந்தாள், கேம்பஸுக்கு 80 டாலர், 400 டாலர், கதவைத் தட்டுவதற்கு மட்டும். மூன்றை அதிலிருந்து நீக்கச் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை.

ஆனால் 80 டாலர் ஒன்றுமே இல்லை. 2025 ஃபாலில் யூ.சி.யில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அடிப்படை டியூஷனும் கட்டணமும் சேர்த்து 14,934 டாலர், வெளியாட்கள் அதற்கு மேல் கட்ட வேண்டிய கூடுதல் டியூஷன் 37,602. எல்லாம் சேர்த்து 52,536. முந்தைய வருடம் அந்தக் கூடுதல் 34,200 ஆக இருந்தது, ஒரே மூச்சில் 3,402 ஏற்றினார்கள். இதற்கு மேல் அறை, சாப்பாடு, இன்ஷூரன்ஸ், விமான டிக்கெட் என்று வைத்தால் வருடத்துக்கு 80,000-ஐத் தாண்டிவிடும். ஒரு நல்லது, சேர்கிற வருட ரேட்டை ஆறு வருடம் வரை ஏற்றாமல் வைப்பார்கள். உதவித் தொகை? வெளிமாநிலத்தவருக்குப் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம், தன் வரிப்பணத்தில் நியூ ஜெர்சிக்காரன் மகளுக்கு உதவ கலிஃபோர்னியாக்காரனுக்கு என்ன தலையெழுத்து?

அந்த மாநிலத்துக் கதையைப் படித்தால்தான் நாம் அங்கே யார் என்று புரியும். 2008 நெருக்கடிக்குப் பிறகு மாநில அரசுகள் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுக்கும் பணத்தை வெட்டின, ஓட்டையை அடைக்க வெளியாட்களைக் கூட்டினார்கள். 2016-ல் மாநில ஆடிட்டர் ஓர் அறிக்கை போட்டு, வெளிமாநிலப் பிள்ளைகளுக்குத் தகுதியைத் தளர்த்திச் சேர்த்திருக்கிறீர்கள் என்று யூ.சி.யைக் கேட்டார், யூ.சி. மறுத்தது. 2017-ல் பெரும்பாலான கேம்பஸ்களுக்கு 18 விழுக்காடு வரம்பு வந்தது. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ மூன்றும் ஏற்கெனவே அதைத் தாண்டியிருந்ததால், 2021 பட்ஜெட்டில் அரசு ஒரு ஏற்பாடு செய்தது: வெளியாட்களைக் குறையுங்கள், அந்த இடத்தில் உள்ளூர்ப் பிள்ளையைச் சேருங்கள், குறைகிற வருமானத்தை நாங்கள் தருகிறோம். கவனியுங்கள், நம் பிள்ளை ஒருத்தி வராமல் இருப்பதற்கு அரசாங்கம் ஈடு கட்டுகிறது. பிரோஷரில் டைவர்சிட்டி என்று போட்டிருப்பார்கள், பட்ஜெட்டில் நாம் வரவு.

இப்போது எனக்கு வந்த கடிதம். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப் போவதில்லை. மார்ச் மாதம், மகள் கத்திக்கொண்டே மாடியிலிருந்து இறங்கி வந்தாள், கிடைத்துவிட்டது. ஸ்வீட் வாங்கிவந்தோம். பத்து நாள் கழித்து "உங்கள் நிதி உதவி" என்று பெரிய எழுத்தில் இன்னொரு மெயில். திறந்தால் இரண்டே வரி. மாணவர் பெயரில் ஃபெடரல் லோன் 5,500. அதற்குக் கீழே பெற்றோர் பிளஸ் லோன், அறுபத்தெட்டாயிரத்துச் சொச்சம். அடியில் கூட்டல், அதற்கும் அடியில் "நீங்கள் கட்ட வேண்டிய மிச்சம்: 0" என்று பச்சை நிறத்தில். பச்சை! நான் வாங்கப் போகிற கடனை எனக்குச் செய்த உதவியாகக் கணக்கில் எழுதி, பாக்கி சைபர் என்று காட்டுகிற சாமர்த்தியத்தை எங்கள் ஊர் அடகுக் கடையில்கூட நான் பார்த்ததில்லை. போன் போட்டேன், நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டேன், கடைசியில் ஒரு பெண் ரொம்ப மரியாதையாக, நீங்கள் எங்கள் மாநிலத்தில் வசிக்காததால் வேறு எதற்கும் தகுதி இல்லை என்று சொல்லி, "உங்கள் நாள் இனிதாகட்டும்" என்றார்.

அந்தப் பிளஸ் லோனுக்கு அப்போது உச்சவரம்பு கிடையாது, மொத்தச் செலவு வரைக்கும் தருவார்கள். 2025-ல் வந்த சட்டத்தால் 2026 ஜூலையிலிருந்து புதிதாக வாங்குகிறவர்களுக்கு வருடத்துக்கு 20,000, ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 என்று கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு சேர்க்கிறவர்களுக்கு அந்தப் பச்சை சைபர் வராது, மிச்சத்துக்கு பேங்க் லோன்தான். ஒரு விதத்தில் நல்லதுதான், கணக்கு முன்னாலேயே கண்ணில் படும்.

விதிவிலக்கு இரண்டு உண்டு, அதைச் சொல்லாவிட்டால் பாவம். வர்ஜீனியாவும் சாப்பல் ஹில்லும் வெளிமாநிலப் பிள்ளைகளுக்கும் நிரூபிக்கப்பட்ட நிதித் தேவை முழுவதையும் ஈடுகட்டுவதாகச் சொல்லும் அரசுப் பல்கலைகள். வருமானம் குறைவான வீடு என்றால், சீட்டு கிடைத்துவிட்டால், சொந்த மாநிலத்தைவிட அங்கே மலிவாக முடியலாம். ஆனால் இரண்டு பேரும் ஐ.டி.யில் வேலை பார்க்கிற, எடிசன் பக்கம் வீட்டு லோன் கட்டுகிற எங்களைப் போன்றவர்களுக்கு "தேவை" என்று நிதி உதவி ஃபார்மில் ஒன்றுமே வராது. கையில் காசும் இருக்காது, தேவையும் இருக்காது. நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கான சரக்கு இது இல்லை என்பதுதான் என் ரிவியூவின் சாரம், மற்றதெல்லாம் விளக்கம்.

டல்லாஸில் இருக்கும் என் மச்சான் போன் செய்தார். "மாப்ள, ஏன் கெடந்து அலையுறீங்க, எங்க வீட்டு அட்ரஸக் குடுத்துடுங்க, டெக்சாஸ் ரேட்டு வந்துரும்" என்றார். பாசம்தான். ஆனால் பிள்ளை எங்கே தூங்குகிறது என்பதைவிட, வரிக் கணக்கில் பிள்ளையை டிபென்டன்டாகக் காட்டும் பெற்றோர் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள், அதுவும் பன்னிரண்டு மாதம். படிக்க மட்டும் வந்து ஒரு வருடம் தங்கினேன் என்றாலும் பல மாநிலங்களில் செல்லாது. டிரைவிங் லைசென்ஸ், வாடகை ஒப்பந்தம், வரித் தாக்கல், வேலை எல்லாம் கேட்பார்கள். எனக்கு 1996-ல் நேட்டிவிட்டி சர்டிஃபிகேட்டுக்காக விஏஓ வீட்டுத் திண்ணையில் மூன்று நாள் காத்திருந்தது ஞாபகம் வந்தது. விஏஓவிடமாவது கெஞ்சிப் பார்க்கலாம், இங்கே போர்ட்டல்.

இதில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது, எனக்குப் பிடித்தது. கனெக்டிகட்டில், அப்ளை செய்த நேரத்தில் வெளிமாநில அட்ரஸ் இருந்தால் படிப்பு முடிகிறவரை நீ வெளியாள்தான் என்று ஒரு சட்டம். கலிஃபோர்னியாவிலிருந்து அங்கே வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண், கணவர் உள்ளூர், லைசென்ஸ் உள்ளூர், ஓட்டு உள்ளூர், ஆனாலும் பில்லில் வெளியாள். 1973-ல் சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது, உண்மையில் குடியேறிவிட்டேன் என்று நிரூபிக்க ஒரு வாய்ப்பாவது கொடுக்க வேண்டும் என்றது. அதோடு, வெளியாட்களிடம் கூடுதலாக வாங்கும் உரிமை மாநிலத்துக்கு உண்டு என்பதையும் ஒப்புக்கொண்டது. ஆக ரேட்டைக் கோர்ட்டுக்கு இழுத்துக் குறைக்க வழியில்லை.

வேலை விசாவில் வந்தவர்களின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பல மாநிலங்களில் எச்-4 பிள்ளைக்கு இன்-ஸ்டேட் ரேட் உண்டு, அந்த மாநில விதியைத் தேடிப் பாருங்கள். ஆனால் ஃபெடரல் லோன், ஃபாஃப்சா விண்ணப்பம் வழியாக வரும் அரசு உதவி எதுவும் கிடையாது. 21 வயது முடிந்தால் எச்-4-உம் போச்சு, எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், அப்போது பல இடங்களில் இன்-ஸ்டேட் ரேட்டும் கூடவே போய்விடும். இங்கேயே எல்கேஜி படித்த பிள்ளை, கிரீன் கார்டு வரிசை நகராததால், கடைசி வருடத்தில் வெளியாள் ஆகிவிடுகிறது. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இதற்காகவே பையனை மூன்றரை வருடத்தில் முடிக்கச் சொல்லி ஒவ்வொரு கோடையிலும் வகுப்பு எடுக்க வைத்தது.

கவுன்சலர் வைத்தோமா என்று கேட்பீர்கள். வைத்தோம், 4,000 டாலர். அந்த ஏழு வெளிமாநிலமும் அவர் கொடுத்த லிஸ்ட்தான், அதில் செலவு என்று ஒரு கட்டமே இல்லை. அந்தக் கட்டத்தைப் பிறகு நான்தான் சேர்த்தேன். சேர்த்த அன்றைக்கே லிஸ்ட் பாதியாகச் சுருங்கியது, 4,000 கொடுக்காமலே அது நடந்திருக்கும்.

கடைசியில் மகள் போன இடம் பர்டியூ, இண்டியானா மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம். மிட்ச் டேனியல்ஸ் அந்தப் பல்கலையின் பிரசிடென்டாக வந்த 2013-லிருந்து டியூஷனை உறைய வைத்திருக்கிறார்கள், அவர் போன பிறகும் தொடர்கிறது. உள்ளூருக்கு 9,992, வெளிமாநிலத்துக்கு 28,794. இன்ஜினியரிங்குக்குத் தனியாகக் கொஞ்சம் சேரும். எங்கள் மாநிலத்து அரசுப் பல்கலையான ரட்கர்ஸில் எங்களுக்கு இன்-ஸ்டேட் டியூஷன், கட்டணம் எல்லாம் சேர்த்து 18,000 சுமாருக்கு வந்திருக்கும். அறையும் சாப்பாடும் இண்டியானாவில் மலிவு, விமான டிக்கெட் கூடுதல், இரண்டையும் போட்டுப் பார்த்தால் வருடத்துக்குப் பத்தாயிரத்துக்குள்தான் வித்தியாசம் என்பது என் கணக்கு. அதைக் கொடுக்கலாம் என்று தோன்றியது, ஐம்பதாயிரம் வித்தியாசத்தைக் கொடுக்கத் தோன்றவில்லை. பர்டியூவுக்கு எஸ்ஏடி மாதிரி டெஸ்ட் மார்க் கட்டாயம், அதை மறக்காதீர்கள். அப்புறம், இன்ஜினியரிங்கில் முதல் வருடம் எல்லாருக்கும் பொது, அதற்குப் பிறகுதான் பிரிவு, அதனால் முதல் வருட ஜிபிஏ முக்கியம். ஊர் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, இண்டியானபொலிஸ் ஏர்போர்ட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் சோளக்காடு, சோளக்காடு, திடீரென்று ஒரு பெல் டவர். ஐந்துக்கு நாலு ஸ்டார். சாம்பார் கிடைக்காததற்கு அரை ஸ்டார், ஜனவரிக் காற்றுக்கு அரை ஸ்டார் பிடித்தம்.

இதே டிகிரியை மற்ற இடத்து வெளிமாநில ரேட்டில் வாங்குவதற்கு நான் தருவது இரண்டு. படிப்பில் குறை இல்லை, விலைக்காக.

இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிற சின்னவன் என் ஷீட்டை நோண்ட ஆரம்பித்திருக்கிறான். ஃப்ளோரிடாவில் ஒரு விஷயம் கண்டுபிடித்தான். கெயின்ஸ்வில்லில் இருக்கும் ஃப்ளோரிடா பல்கலையில் உள்ளூர் டியூஷன் 6,380-தான், வெளிமாநிலத்துக்கு ரொம்ப வருடமாக 28,658 என்று இருந்து 2025-ல் ஏற்ற அனுமதி கொடுத்திருக்கிறார்கள். ஆனால் 2021-ல் வந்த ஒரு சட்டப்படி, தாத்தாவோ பாட்டியோ ஃப்ளோரிடாவில் குடியிருந்தால், டெஸ்டில் நல்ல மார்க்கும் இருந்தால், அந்தக் கூடுதல் கட்டணம் தள்ளுபடி, மாநிலம் முழுக்க 350 பேர் வரைக்கும். சட்டசபையில் யாரோ ஒரு தாத்தா உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடிக்கு வீடியோ காலில் இதை அம்மாவிடம் சொன்னான். "அப்பத்தா, நீங்க ஃப்ளோரிடாவுக்கு வந்துடுங்க, எனக்கு ஃபீஸ் குறையும்." அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அங்கே குளிருமா என்று கேட்டார். குளிராது என்றான். சோறு கிடைக்குமா? கிடைக்கும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரிப்பா, வர்றேன். ஆனா தை பொறந்தா நான் ஊருக்கு வந்துருவேன், அதுக்கு அவங்க ஒத்துக்குவாங்களான்னு ஒங்கப்பனக் கேட்டுச் சொல்லச் சொல்லு" என்றார்.